கல்லீரலில் குமிழி விடும் கட்டுரையாளருக்கு

சென்ற இதழில் வெளியான ‘கல்லீரலைக் கொல்லும் வாயு’ கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் வீட்டில், காபி குடித்துக்கொண்டே. சிரித்தேன். இரண்டாவது முறை என் மைத்துனர் வீட்டுக் கூடத்தில், அவர் கத்தரித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்தியிருந்த தாள்களில். சிரிப்பு வரவில்லை. மைத்துனருக்கு வயது 61. நான்கு வருடமாக ஈரல் சுருக்கம். நீர் பிரிவதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து ஊறுகாய் ஜாடி இருக்கும் பக்கமே திரும்பாத மனிதர். அவர் பதினெட்டு நாளாகக் காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கலக்கிக் குடித்துவந்திருக்கிறார். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. அது மேலெழ நேரம் பிடித்தது.

“அறிவியல்பூர்வமாத்தான் எழுதியிருக்கார் அத்தான். வருஷம்லாம் போட்டிருக்கு” என்றார்.

அந்த வருஷங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கட்டுரையாளர் பெருமையோடு எடுத்துக்காட்டும் 1958, 1964 இரண்டுமே எனக்குப் பழக்கமானவை. அவற்றை அவர் எந்த இடத்தில் வெட்டி எடுத்திருக்கிறார் என்பதும் தெரிகிறது.

முதலில் அவருடைய வாதத்தைத் திரிக்காமல் சொல்லிவிடுகிறேன். சோடா, கோலா பானங்களில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. கல்லீரல் கொழுப்பைச் செய்வதற்குக் கார்பன் டை ஆக்சைடு தேவை என்று 1958-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே சோடாவில் இருக்கும் வாயுதான் கல்லீரலில் கொழுப்பாகப் படிகிறது. மருந்துக் கம்பெனிகள் இதை மூடி மறைத்துவிட்டன. பரிகாரம் மூன்று. உடம்பின் அமிலத்தை முறிக்க ஆப்பசோடா. உறங்கும் நொதிகளைத் தட்டி எழுப்ப மக்னீசியமும் மாங்கனீசும் கலந்த தாது அயனிச் சொட்டு. மிச்சமிருக்கும் வாயுவை விரட்டக் காலையில் பதினைந்து நிமிடம் வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது. இவ்வளவுதான் வாதம். நான்கு பக்கம், இரண்டு வண்ணப் படம்.

இதில் உண்மை ஒன்று இருக்கிறது: 1958. முழுப் பொய்யை யாரும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பதில்லை. உண்மையின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் பொய்க்குத்தான் அந்த மரியாதை கிடைக்கிறது. அதனால் அந்த வருடத்தில் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

1950-களின் நடுப்பகுதியில், நம் உடம்பு கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி எரிக்கிறது என்பது தெரிந்திருந்தது. கொழுப்பு உருவாவதும் அதே பாதையில்தான், போன வழியே திரும்பி வருவதுதான் என்று பலரும் நம்பியிருந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நொதி ஆய்வுக்கூடத்தில், ஈராக்கில் பிறந்த சாலி வாகில் என்ற இளைஞரும் அவருடைய தோழர்களும் புறாவின் கல்லீரலை அரைத்து, அதிலிருந்து நொதிகளைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாய்க்குள் கொழுப்பு அமிலம் செய்ய முயன்றார்கள். இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் கோ-ஏ, ஆற்றலுக்கு ஏடிபி, துணைக்கு மாங்கனீசு அயனி எல்லாம் இருந்தும், பைகார்பனேட் இல்லாவிட்டால் காரியம் நடக்கவில்லை. பைகார்பனேட் வேறொன்றுமில்லை, நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு எடுக்கும் இன்னொரு வேடம். கொழுப்பை எரிக்கும் பாதையில் இதற்கு இப்படி ஒரு வேலையே கிடையாது. ஆகவே கொழுப்பு உருவாகும் வழி வேறு என்பது அங்கே உறுதியானது. கிப்சன், டிச்சனர், வாகில் மூவரும் 1958-ல் இதை அறிவித்தார்கள்.

நம் கட்டுரையாளர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த பத்தியைப் படித்திருந்தால் அவர் கட்டுரையே எழுதியிருக்க முடியாது.

வாகில் குழுவினர் அடுத்து என்ன செய்தார்கள்? பைகார்பனேட்டின் கார்பனுக்குக் கதிரியக்க அடையாளம் இட்டார்கள். வீட்டு மாட்டுக்குச் சூடு போட்டுச் சந்தையில் தேடுவதுபோல, உருவான கொழுப்பு அமிலத்தில் அந்த அடையாளத்தைத் தேடினார்கள். இல்லை. உள்ளே போன கார்பன் டை ஆக்சைடு கொழுப்பில் தங்கவேயில்லை. அது இல்லாமல் கொழுப்பு உருவாகாது, ஆனால் உருவான கொழுப்பில் அது கிடையாது. நான் மாணவனாக முதன்முதலில் இதைப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. இப்படி ஓர் அழகான புதிரைக் கையில் வைத்துக்கொண்டு சோடா பாட்டிலைத் திட்டி நான்கு பக்கம் நிரப்ப ஒருவருக்கு மனம் வந்திருக்கிறதே என்பதுதான் என் முதல் வருத்தம்.

விடை இதுதான். அசிட்டைல் கோ-ஏ தானாக இன்னோர் அசிட்டைலோடு ஒட்டிக்கொள்ளாது. அசிட்டைல் கோ-ஏ கார்பாக்ஸிலேஸ் என்ற நொதி, தன்னிடமுள்ள பயோட்டின் என்ற வைட்டமினைக் கைபோல நீட்டிப் பைகார்பனேட்டிலிருந்து ஒரு கார்பனைப் பிடிக்கிறது. ஏடிபியின் ஆற்றலைச் செலவழித்து அதை அசிட்டைலின்மேல் ஏற்றுகிறது. இரண்டு கார்பன் மூன்று கார்பனாகிறது. அதன் பெயர் மலோனைல் கோ-ஏ. வில்லுக்கு நாணேற்றுவது போன்ற வேலை இது. அடுத்த கட்டத்தில், வளரும் கொழுப்புச் சங்கிலியோடு இந்த மலோனைல் சேரும்போது, ஏற்றிய கார்பன் கழன்று கார்பன் டை ஆக்சைடாக வெளியே போய்விடுகிறது. அது போகிற வேகத்தில்தான் இணைப்பு உறுதியாகிறது. நாணை விட்டால் அம்பு போகிறது. பதினாறு கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் ஒன்றைச் செய்ய இப்படி ஏழு முறை ஏற்றவேண்டும், ஏழு முறை கழற்றவேண்டும். ஏழு வந்தது, ஏழு போனது. கணக்கு நேர்.

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். மூங்கில் இல்லாமல் மாடி எழும்பாது. கிருகப்பிரவேசத்தன்று மூங்கிலைக் காணோம். நம் கட்டுரையாளர் பாதி கட்டிய வீட்டைப் படம் பிடித்து, ‘பாருங்கள், இந்த வீடு மூங்கிலால் ஆனது’ என்கிறார்.

மருந்துக் கம்பெனிகள் இதை மறைத்துவிட்டன என்பது இதைவிட வேடிக்கை. கொழுப்பு அமிலமும் கொலஸ்டிராலும் உடம்பில் உருவாகி மாறும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1964-ல் ஃபியோடர் லினனுக்கும் கொன்ராட் பிளாக்குக்கும் நோபல் பரிசே கொடுத்தார்கள். பயோட்டின் கார்பன் டை ஆக்சைடைத் தூக்கிச் சுமக்கும் விதத்தை விளக்கியவர்களில் முதன்மையானவர் இந்த லினன். ஸ்டாக்ஹோமில் மேடை போட்டு, அரசர் கையால் பதக்கம் கொடுத்து மறைத்திருக்கிறார்கள் போலும்! எங்கள் கல்லூரியில் இது பத்து மதிப்பெண் கேள்வி. வருடம் தவறாமல் வரும்.

சரி, வாயு கொழுப்பாக மாறவில்லை, ஆனால் தேவைப்படுகிறதே, சோடா குடித்தால் தேவைப்படுவது கூடுதலாகக் கிடைக்காதா என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்டுரையாளர் கேட்டிருக்கவேண்டியது.

300 மில்லி சோடா பாட்டிலில் அடைபட்டிருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திறந்து விட்டால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு வரும். அதில் பெரும்பகுதி மூடியைத் திறக்கும்போதும் ஏப்பத்திலும் போய்விடும். ஒன்றுமே போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி கார்பன் டை ஆக்சைடைத் தானே உண்டாக்குகிறது. அதாவது ஒரு பாட்டில் சோடாவின் வாயுவை உடம்பு ஐந்து நிமிடத்தில் செய்துவிடும். கட்டுரையாளர் தன் கட்டுரையை எழுதி முடித்த நேரத்துக்குள் அவர் உடம்பிலேயே சில பெட்டி சோடாவுக்கான வாயு உற்பத்தியாகியிருக்கும். ரத்தத்தில் பைகார்பனேட் எப்போதும் லிட்டருக்கு 22 முதல் 26 மில்லிமோல்வரை இருக்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் இரவும் பகலும் அந்த அளவைக் காவல் காக்கின்றன. ஆக, கல்லீரல் நொதிக்குச் சாதாரண நாளில் கார்பன் டை ஆக்சைடுப் பஞ்சம் என்பதே கிடையாது.

கல்யாண வீட்டுச் சமையலுக்குத் தண்ணீர் வேண்டும். கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. யாரோ ஒருவர் மேலும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார் என்பதற்காக இன்னும் நூறு பேருக்குச் சோறு வேகுமா? எத்தனை மூட்டை அரிசி வந்தது, சமையல் மாஸ்டர் என்ன உத்தரவு போட்டார் என்பதைப் பொறுத்தது அது. ஒரு வேலைக்கு ஒன்று தேவைப்படுவது வேறு, அந்த வேலையின் அளவை அது தீர்மானிப்பது வேறு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால்தான் அவருடைய நான்கு பக்கமும் வந்திருக்கின்றன.

கல்லீரலின் சமையல் மாஸ்டர் யார்? இன்சுலின். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி, அந்தக் கார்பாக்ஸிலேஸ் நொதியின் மேல் இருக்கும் பாஸ்பேட் பூட்டைக் கழற்ற வழி செய்கிறது. பட்டினியில் குளுக்ககானும், ஆற்றல் குறைந்ததை உணரும் ஏஎம்பிகே என்ற நொதியும் மறுபடி பூட்டுகின்றன. அரிசி மூட்டை எது? மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைந்து வரும் சிட்ரேட். அது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே வந்து, அசிட்டைல் கோ-ஏயாகச் சரக்கையும் தருகிறது, நொதியைத் தட்டியும் விடுகிறது. கோலாவில் குற்றவாளியைத் தேடினால் இங்கே தேடவேண்டும். 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, ஆறேழு தேக்கரண்டி. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேர்கிறது. குளுக்கோஸ் கடக்கவேண்டிய முக்கியமான சோதனைச் சாவடியைக் கடக்காமல் குறுக்கு வழியில் கொழுப்புப் பட்டறைக்குள் நுழைந்துவிடுகிறது. திருடன் முன்வாசல் வழியாகச் சர்க்கரை மூட்டையோடு போகும்போது, கட்டுரையாளர் குமிழியைத் துரத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுகிறார். விளைவு என்ன தெரியுமா? அவர் கட்டுரையில் ‘வாயு நீங்கிய கோலா ஆபத்தில்லை’ என்று ஒரு வரி வருகிறது. குமிழி அடங்கும்வரை திறந்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமாம். சர்க்கரை போடாத கோலி சோடாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, சர்க்கரைத் தண்ணீருக்கு விடுதலை கொடுக்கும் தீர்ப்பு!

அந்தக் கார்பாக்ஸிலேஸ் நொதி செய்யும் இரண்டாவது வேலையையும் சொல்லவேண்டும். 1977-ல் டல்லஸில் மெக்கேரியும் ஃபாஸ்டரும் ஒன்றைக் கண்டார்கள். அதே மலோனைல் கோ-ஏ, கொழுப்பு அமிலம் எரிவதற்காக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலையும் அடைக்கிறது. கொழுப்பு செய்யும் நேரத்தில் கொழுப்பு எரிக்கும் அடுப்பு அணைக்கப்படுகிறது. ஒரே மூலக்கூறு, இரண்டு பக்கமும் ஆணை. இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை ஓர் ஏப்பம் கவிழ்த்துவிடும் என்று நம்ப அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இன்னொரு கணக்கு. கல்லீரலில் சேரும் கொழுப்பு எல்லாமே கல்லீரலில் தயாராவதுமில்லை. 2005-ல் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, பிறகு கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தது. ஒன்பதே பேர், சிறிய ஆய்வுதான். ஆனால் இன்றுவரை எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். கல்லீரல் கொழுப்பில் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 15 சதவீதம் நேரே உணவுக் கொழுப்பிலிருந்து. கல்லீரலே புதிதாகச் செய்தது 26 சதவீதம். அதாவது கட்டுரையாளர் சொல்லும் பட்டறையை நாளைக்கே இழுத்துப் பூட்டினாலும் முக்கால் பங்குச் சரக்கு வேறு வாசல் வழியாக வந்துகொண்டிருக்கும்.

பூட்டியும் பார்த்திருக்கிறார்கள். கார்பாக்ஸிலேஸ் நொதியைக் கல்லீரலில் மட்டும் தடுக்கும் மருந்து ஒன்றை மனிதர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2017-ல் வெளியானது. கல்லீரல் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மளமளவென்று ஏறியது. மலோனைல் கோ-ஏ நின்றுபோனதால் உடம்புக்கு வேண்டிய சில நீண்ட கொழுப்பு அமிலங்களும் குறைந்தன, அதைச் சரிக்கட்டப் போய்க் கல்லீரல் ரத்தத்துக்குள் கொழுப்பைத் தள்ளியது. குறிபார்த்து அடிக்கும் மருந்துக்கே இந்தக் கதி. ஆப்பசோடா அதைச் சாதிக்கும் என்கிறார் கட்டுரையாளர்.

இனி அவர் எடுத்துக்காட்டும் 1964. அந்த வருடம் லாங்மோர், ஹேஸ்டிங்ஸ் குழுவினர், உடம்புக்கு வெளியே எடுத்த கல்லீரலில் கார்பன் டை ஆக்சைடும் நேர்மின் அயனிகளும் கொழுப்பு அமிலம், கொலஸ்டிரால் ஆக்கத்தை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். ‘அமெரிக்க விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டது’ என்று கட்டுரையாளர் கொட்டை எழுத்தில் போட்டது இதைத்தான். பெயர்டு ஹேஸ்டிங்ஸ் சாதாரண ஆள் இல்லை. ஹார்வர்டில் இருந்தபோது, கதிரியக்கக் கார்பனைக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு கல்லீரலின் கிளைக்கோஜனுக்குள் நுழைவதை 1940-களின் தொடக்கத்திலேயே காட்டிய குழுவின் தலைவர். எலியின் கல்லீரல் துண்டை மிதக்கவிடும் திரவத்தில் எந்த அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறுவதையும் பல வருடம் அளந்தவர். அப்படிப்பட்ட ஆய்வாளர் கல்லீரலை ஏன் வெளியே எடுத்தார்? உடம்புக்குள் இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடையும் அயனிகளையும் தன் விருப்பத்துக்கு ஏற்றி இறக்க முடியாது என்பதால். நுரையீரல் விடாது, சிறுநீரகம் விடாது. அந்தக் காவலர்கள் இல்லாத கிண்ணத்தில் நடந்ததைக் காவலர்கள் இருக்கும் உடம்புக்கு அப்படியே பொருத்திவிட்டு, ‘ஒப்புக்கொண்டார்கள்’ என்று எழுதுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அவமானம்.

நியாயத்துக்காக ஒன்றை நானே அவருக்குக் கடனாகத் தருகிறேன். கார்பன் டை ஆக்சைடையும் பைகார்பனேட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றுகிற கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை அசிட்டசோலமைடு போன்ற மருந்தால் தடுத்தால், கல்லீரல் செல்களில் கொழுப்பு ஆக்கம் குறைவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அவர் பக்கத்துக்கு ஏதாவது ஆதாரம் உண்டென்றால் இதுதான். ஆனால் இதை அவர் பயன்படுத்தியிருக்க முடியாது. ஏனென்றால் இது காட்டுவது, பைகார்பனேட் குறைந்தால் கொழுப்பு ஆக்கம் குறையலாம் என்பதை. அவர் என் மைத்துனருக்குப் புகட்டியதோ பைகார்பனேட்டை!

ஆமாம், ஆப்பசோடாவின் முழுப்பெயர் சோடியம் பைகார்பனேட். கொழுப்பு செய்யும் நொதி கைநீட்டிக் கேட்பது எதுவோ, அதையே கொழுப்புக்கு மருந்து என்று நீட்டுகிறார். குடித்த பைகார்பனேட் கல்லீரலின் வேலையை மாற்றும் என்ற அவர் வாதம் உண்மையானால், அவர் மருந்து கொழுப்பைக் கூட்டவேண்டும். மாற்றாது என்றால் அவர் மருந்து வீண். இரண்டில் எதை எடுத்துக்கொள்கிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். இது போதாதென்று, ஆப்பசோடா எலுமிச்சைப் புளிப்பிலும் வயிற்று அமிலத்திலும் பட்டதும் என்ன ஆகிறது? பொங்குகிறது. பொங்குவது எது? கார்பன் டை ஆக்சைடு. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, சுமார் 4.6 கிராம், முழுதும் அமிலத்தோடு சேர்ந்தால் 1.3 லிட்டருக்கு மேல் வாயு வரும். அவர் எந்தச் சோடா பாட்டிலைக் கொலைகாரன் என்றாரோ, அந்தப் பாட்டிலைவிடக் கூடுதலான அதே வாயு, அவருடைய மருந்து டம்ளரில்.

இதுவரை சொன்னது அறியாமை. அதற்குச் சிரித்துவிட்டுப் போகலாம். இனிச் சொல்லப்போவது ஆபத்து.

அந்த ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவில் ஏறத்தாழ 1,260 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கே ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரல் சுருங்கியவர்களின் உடம்பு சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோடியம் நின்றால் நீரும் நிற்கும். காலில் வீக்கம், பிறகு வயிற்றில் நீர்க்கோவை. உப்பை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, உப்புச் சுவை இல்லாத உப்பைப் பதினெட்டு நாள் ஊட்டியிருக்கிறது அந்தக் கட்டுரை. உயர் ரத்த அழுத்தம், இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே வம்புதான். ஓர் எச்சரிக்கை வரி? நான்கு பக்கத்தில் எங்குமில்லை.

தாதுச் சொட்டு இன்னும் மோசம். மக்னீசியம் இல்லாமல் ஏடிபி வேலை செய்யாது, வாகிலின் சோதனைக் குழாயில் மாங்கனீசு போட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் புறாக் கல்லீரலை அரைத்துக் கழுவிச் சுத்தம் செய்யும்போது அதிலிருந்த அயனிகள் போய்விடுகின்றன. அதனால் திரும்பப் போடுகிறார்கள். உங்கள் கல்லீரலை யாரும் கழுவவில்லை. வயது வந்த மனித உடம்பில் சுமார் 25 கிராம் மக்னீசியம் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில். கூடுதலாகப் போவதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால். மாங்கனீசின் கதை வேறு. அதை உடம்பு வெளியேற்றும் வழி பித்தம். பித்தத்தைச் செய்வது கல்லீரல். கல்லீரல் கெட்டால் மாங்கனீசு வெளியே போகமுடியாமல் ரத்தத்தில் ஏறி மூளையில் படிகிறது. ஈரல் சுருக்கம் உள்ள பலரின் எம்ஆர்ஐ படத்தில் மூளையின் நடுப்பகுதி வெளிறித் தெரிவதற்கு அதுவே காரணம் என்கிறார்கள் நரம்பியல் மருத்துவர்கள். உலகத்தில் மாங்கனீசுச் சொட்டு கொடுக்கவே கூடாத ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடிக்கச் சொன்னால், நான் கல்லீரல் நோயாளிகளைத்தான் காட்டுவேன். அந்தக் கூட்டத்துக்கென்றே எழுதி, பக்கத்தின் அடியில் சொட்டு கிடைக்குமிடமும் போட்டிருக்கிறார்கள்.

மூச்சு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 10 கிலோ கொழுப்பு உடம்பில் முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகும், மிச்சம் 1.6 கிலோ தண்ணீர். ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-ல் போட்ட கணக்கு இது, சரியான கணக்கு. எரிந்தால்தான் போகும். வேகமாக ஊதினால் எரியாது. விசிறி வைத்துச் சமையலறைப் புகையை விரட்டினால் விறகு தீர்ந்துவிடுமா? உட்கார்ந்த இடத்தில் பதினைந்து நிமிடம் வேகவேகமாக ஊதினால் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். அதைத்தான் ‘நச்சு வெளியேறும் அறிகுறி’ என்று எழுதியிருக்கிறார். மூச்சிரைக்க அரை மணி நேரம் நடந்தால் கொழுப்பு எரியும். அப்போது கார்பன் டை ஆக்சைடு தானாகப் போகும், யாரும் தள்ளவேண்டாம்.

மாஸ்டர் செக்கப்பில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று தாளில் பார்த்துவிட்டுக் கலங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டுரை ஒரு வில்லனையும் ஒரு சொட்டு மருந்தையும் கொடுத்தது. அந்த வில்லன் சுவாரசியமானவன், ஒப்புக்கொள்கிறேன். உண்மையான வைத்தியம் சுவாரசியமில்லாதது. உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் அதில் 5 சதவீதம் குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரலின் அழற்சியும் அடங்க வாய்ப்புண்டு. இனிப்புப் பானத்தையும் மதுவையும் நிறுத்தவேண்டும், சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் வைக்கவேண்டும், நடக்கவேண்டும். இதை எழுதினால் நான்கு பக்கம் வராது. வண்ணப்படமும் தேவைப்படாது.

மைத்துனர் இப்போது ஆப்பசோடாவை நிறுத்திவிட்டார். டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். வீக்கம் வடிந்துவருகிறது. அந்தத் தாள்களை மட்டும் இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. தூக்கிப்போட மனம் வரவில்லையாம், அச்சில் வந்ததாயிற்றே என்கிறார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த எதிர்வினையை நீங்கள் வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி போடுங்கள்: கல்லீரல், சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் சென்ற இதழில் சொன்ன ஆப்பசோடாவையும் தாதுச் சொட்டையும் இன்றே நிறுத்திவிட்டுத் தங்கள் மருத்துவரைப் பார்க்கவும்.